வீரபத்திரன் பேருக்கு நேரே ஒரு வட்டம்

கூத்தனேந்தல் வீரபத்திரனுக்கு எதையும் மாற்றுவது பிடிக்காது. பரமக்குடிக்குப் பஸ் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் நின்றுகொண்டே வருவார். காலியாகக் கிடக்கிற மற்ற சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். வழக்கமாக வாங்கும் சோப்பின் உறையை ஒருமுறை பச்சையிலிருந்து நீலமாக மாற்றிவிட்டார்கள் என்பதற்காக ஒரு மாதம் சோப்பே போடாமல் குளித்தவர் அவர். உள்ளே இருப்பது அதே சோப்புதான் என்று அவர் மனைவி சேதுலட்சுமி உடைத்துக் காட்டிய பிறகே வழிக்கு வந்தார்.

அப்படிப்பட்டவர் ஓட்டை மட்டும் மாற்றிவிடுவாரா என்ன? முதல் ஓட்டிலிருந்தே குத்துவிளக்குச் சின்னம்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய அய்யா கூத்தையாவும் விளக்குக் கட்சி. ‘பழசைக் காப்போம்’ என்பது கட்சியின் வாசகம். கோயில் திருவிழா பழைய முறைப்படி நடக்கவேண்டும், விளைகிற நிலம் விளைகிற நிலமாகவே இருக்கவேண்டும், ஊர் ஊராக இருக்கவேண்டும் என்று மேடையில் பேசுவார்கள். கேட்கும்போது வீரபத்திரனுக்குத் தன் மனதைத் திறந்து படிப்பதுபோல இருக்கும். எதிரே இருந்த கூடைக் கட்சிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ‘புதுசு புதுசு’ என்றார்கள். அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது.

இடுப்பில் எப்போதும் ஊதாவும் மஞ்சளும் ஓடுகிற கட்சிக் கரைவேட்டி. அப்படி இரண்டு வேட்டி வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அந்த இரண்டும்தான் மாறி மாறிப் போய் வந்தன.

இவ்வளவு செய்தவருக்குக் கட்சியிடம் ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. ஊர்க் கண்மாயில் இரண்டு மடை. மேலமடை நன்றாக இருந்தது. கீழமடையின் இரும்பு ஷட்டர் துருப்பிடித்து உடைந்து ஆறு வருஷம் ஆகிறது. மணல் மூட்டையை அடுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இடையே தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிவிடும். தை மாதம் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாயில் தண்ணீர் இருக்காது. கீழமடைப் பாசனத்தில் பதினாலு வீட்டுக்காரர்களுக்கு வயல். அதில் வீரபத்திரனுடையது இரண்டு ஏக்கர். வருஷா வருஷம் பாதிக்குப் பாதி பதர்தான் தூற்றினார்கள். போன வருஷம் சேதுலட்சுமி சொந்த வயல் இருந்தும் கடையில் அரிசி வாங்கினாள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தபோது வீரபத்திரனுக்கு அவமானமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனால் வயலைக் கருவேலத்துக்கு விட்டுவிடவேண்டியதுதான்.

கட்சியின் கிளைச் செயலாளர் ராக்கப்பன், அவருக்குத் தூரத்து உறவில் மருமகன் முறை. அவரிடம் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில் வரும். “நம்ம கட்சிக்காரக நீங்க, ஒங்களுக்கு இல்லாததா மாமா? பாத்துக்கிருவோம்.” ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த வருஷம், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்த மாசி அமாவாசைக்கு வீரபத்திரன் வழக்கம்போல ராமேஸ்வரம் போனார். அக்னி தீர்த்தத்தில் முழுகி, அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, அக்காள்மடத்தில் இருக்கும் மகள் கோகிலா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஈர வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு மருமகனுடைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டார். மகள் வைத்த குழம்பு ருசியில் வேட்டியை மறந்து பஸ் ஏறிவிட்டார். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போதுதான் கொடியில் கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் இன்னொன்று இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டார். வந்து பார்த்தால், சேதுலட்சுமி அதைக் களத்தில் காயும் மிளகாய்க் குவியல் மேல் விரித்து மூடியிருந்தாள்.

மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் அந்த வெள்ளை வேட்டியோடு சீனி முகம்மதுவின் டீக்கடைக்குப் போனார். கடையில் எல்லாருடைய கண்ணும் அவர் இடுப்புக்குப் போயிற்று.

“என்னண்ணே, கரையில்லாம வந்திருக்கீக?” என்றார் சீனி முகம்மது, டீயை ஆற்றிக்கொண்டே.

வேட்டி அக்காள்மடத்தில் காய்கிறது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மகள் வீட்டில் வேட்டியை விட்டுவிட்டு வந்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, “ஏன், நல்லா இல்லையா?” என்று கேட்டுவிட்டார். அவர் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் மூன்று பேர் செல்போனோடு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

ஒன்பது மணிக்கு வீரபத்திரன் வீட்டுக்கு ராக்கப்பன் வந்தார். நாலு வருஷமாக அந்த வாசல் மிதிக்காதவர். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, சேதுலட்சுமியின் சுகம் கேட்டு, கோகிலா பிள்ளைகளின் சுகம் கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “மாமா, எங்க மேல எதுவும் மனவருத்தமா?”

ராக்கப்பன் மடியில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வீரபத்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் பேருக்கு நேரே ஏதோ அழித்த தடம். அதன் மேல் பென்சிலில் ஒரு வட்டம்.

“அதென்ன மாப்ள, எம் பேருக்கு நேரா முட்டை போட்ருக்க?”

ராக்கப்பன் நெளிந்தார். “அது ஒண்ணுமில்ல மாமா. டிக்குன்னா நம்ம ஓட்டு. பெருக்கல்னா அவங்கெ ஓட்டு. வட்டம்னா இன்னும் முடிவு பண்ணாதவுக. வட்டம் போட்டவுகளத்தான் நாங்க வீடு வீடா போய்ப் பாக்கணும், என்ன வேணும் ஏது வேணும்னு கேட்டுச் செய்யணும்னு மேல இருந்து சொல்லியிருக்காக.”

“டிக்குக்கு என்ன செய்வீக?”

“டிக்குக்கு என்ன செய்ய? அது பாட்டுக்கு வந்து போட்ரும்ல மாமா.”

ராக்கப்பன் இதை வெள்ளந்தியாகத்தான் சொன்னார். வீரபத்திரனுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாகத் தான் கட்சிக்குத் தூணாக நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சேதுலட்சுமி காபியோடு வந்தாள். “வேட்டிதான் அங்கன கோகிலா வீட்ல…” என்று அவள் ஆரம்பிக்கவும் வீரபத்திரனுக்கு இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு இருமினார். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த இருமல் புரியாதா? “கோகிலா வீட்ல கருவாடு குடுத்து விட்ருக்கா, கொஞ்சம் கொண்டு போறீகளா தம்பி?” என்று முடித்தாள்.

இருமி முடித்ததும் வீரபத்திரன் சொன்னார்: “கீழமடை ஷட்டரு மாப்ள.”

மறுநாளே ஒரு அதிகாரி வந்தார். டேப்பு வைத்து மடையை அளந்தார். சுவரில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனார். ஆறு வருஷம் மனு எழுதி நடக்காததை ஒரு வெள்ளை வேட்டி ஒரே நாளில் நடத்திவிட்டதே என்று வீரபத்திரனுக்குச் சிரிப்பாக வந்தது.

அன்று சாயங்காலம் வெள்ளை வேட்டியைக் கேள்விப்பட்டு கூடைக் கட்சியின் வினோத்குமாரும் வந்தான். ஜேசிபி வைத்துப் பிழைக்கிறவன். அவரைப் பெரியப்பா என்பான். வீரபத்திரன் அவனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போதும் அதிகம் பேசவில்லை. அவன் போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தார். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் கருவேலம் மண்டிக் கிடந்ததைப் போன ஆடியில் தன் வண்டியை விட்டுச் சுத்தம் செய்தவன் இவன்தான். யாருடைய ஓட்டு யாருக்கு என்று அப்போது அவன் கேட்கவில்லை. கண்மாய் உள்வாயில், தண்ணீர் நிற்கிற இடத்திலேயே, நாலு பக்கமும் கல் ஊன்றி பிளாட் போட வந்தவரோ, விளக்குக் கட்சியின் ஒன்றியப் புள்ளி. ஊரே திரண்டு நின்ற பிறகுதான் அவர் கல்லைப் பிடுங்கினார். பழசைக் காப்போம் என்று மேடையில் சொன்னவர் அவர்தானே. இருக்கிற பழசிலேயே பழசு அந்தக் கண்மாய். அதைக் காத்தது யார் என்று நினைக்க நினைக்க வீரபத்திரனுக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனாலும் கூடைச் சின்னத்தில் தன் விரல் படுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அய்யாவுக்குச் செய்கிற துரோகம் இல்லையா அது?

அடுத்த வாரம் கோகிலா கரைவேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினாள். வீரபத்திரனுக்கு மனசு இளகியிருந்தது. அதிகாரியை அனுப்பிவிட்டார்களே, இனி எதற்கு வீம்பு என்று அதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ராக்கப்பன் முகம் மலர்ந்துவிட்டது. ஓடி வந்து டீக்குக் காசு கொடுத்தார். கொடுத்த கையோடு, அவர் கண் முன்னாலேயே பட்டியலை எடுத்து, வட்டத்தை அழித்து டிக் போட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதிகாரி வரவில்லை. ராக்கப்பன் அந்தத் தெரு வழியாகப் போகும்போது பைக்கை நிறுத்துவதில்லை. வழிமறித்துக் கேட்டதற்கு, “எலெக்சன் முடியட்டும் மாமா, பாத்துக்கிருவோம்” என்றார். பழைய பதில் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.

வீரபத்திரன் நேரே டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “எங்கய்யா மட்டும் இந்தக் கட்சியில இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பேன் சீனி” என்றார். நெஞ்சு கனத்துப்போய்த்தான் சொன்னார்.

சீனி முகம்மது அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அண்ணே, ஒங்க அய்யாவே கட்சி மாறித்தான இங்க வந்தாக? ஒங்களுக்குத் தெரியாதா?”

“யாரு? எங்கய்யாவா?”

“எங்க அத்தா சொல்லியிருக்காக. முன்ன ஒங்க அய்யா மண்வெட்டிக் கட்சி. கீழமடை அப்ப வெறும் மண்ணுமடையா இருந்துச்சாம். கட்டித் தாரோம் தாரோம்னு ஏச்சுட்டாங்கெ. விளக்குக்காரங்கெதான் வந்து கல்லுமடை கட்டுனாக. அன்னைக்கு மாறுனவருதான் ஒங்க அய்யா. அவரு மாறுன சந்தோசத்துல எங்க அத்தா ஒரு நாள் பூரா ஓசி டீ குடுத்தாகளாம். எங்க அத்தாவும் விளக்குக் கட்சிதான்ல.”

வீரபத்திரன் தோள் குலுங்கச் சிரித்தார். அய்யா வழி என்று இத்தனை வருஷம் தான் காத்து வந்ததே அய்யா ஒருநாள் மாறிய மாற்றம்தான். அதுவும் இதே கீழமடைக்காக. நெஞ்சில் இருந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கியது.

அன்றைக்கே கீழமடைக்காரர்கள் பதிமூன்று பேரையும் களத்துக்குக் கூப்பிட்டு டிக்கையும் வட்டத்தையும் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினாலு பேரும் கரையில்லாத வேட்டியில் டீக்கடைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ராக்கப்பன் பட்டியலோடு திகைத்து நின்றார். அழித்து அழித்து ரப்பர் தேய்ந்துபோனதுதான் மிச்சம். வினோத்குமாருக்கும் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் கீழமடையைப் பார்க்க வராத நாளே இல்லை.

ஓட்டுப் போடும் நாள் சித்திரையில் வந்தது. “அதான் எல்லாரும் ஷட்டரு தாரேன்னு சொல்றாகளே, கரைவேட்டியக் கட்டிக்கிட்டுப் போனா என்ன?” என்றாள் சேதுலட்சுமி.

“கட்டுனா மறுபடி டிக்குப் போட்ருவான்” என்று சொல்லிவிட்டு வெள்ளை வேட்டியோடு கிளம்பினார்.

மிஷின் முன்னால் நின்றபோது கை தானாக விளக்குக்குத்தான் போனது. நாற்பது வருஷப் பழக்கம், லேசில் விடுமா? கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். வரத்துக்காலில் ஜேசிபி நின்றது கண்ணில் வந்தது. உள்வாயில் ஊன்றிய கல்லும் வந்தது. அய்யாவும் இப்படித்தான் ஒருநாள் நின்றிருப்பார் என்று நினைத்ததும் கூடையை அழுத்தினார். பீப் சத்தம் கேட்டதும் பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்தால் அதே வெயில், அதே வேப்பமரம். சேதுலட்சுமியிடம் மட்டும் காதோடு சொன்னார். அவள், “மூணாவது சீட்டையும் மாத்திருவீக போல” என்றாள். அதை மாற்றமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தத் தொகுதியில் கூடை ஜெயித்தது. ஆவணிக் கடைசியில் லாரியில் புது ஷட்டர் வந்து இறங்கியது. மழைக்கு முன்னால் மடையில் பொருத்தியும்விட்டார்கள். வீரபத்திரன் பழைய முறைப்படி தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, திருகைச் சுற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார். கையில் கிரீஸ் மசை ஒட்டியது. அதை வேட்டியில் துடைக்க மனம் வராமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷம்.

வினோத்குமார் பூரித்துப்போய் வந்து நின்றான். உள்ளாட்சித் தேர்தலுக்குப் பேச்சு அடிபடுகிற நேரம், அவன் கையில் புதுப் பட்டியல் இருந்தது. “பெரியப்பா, நீங்க எதுல போட்டீகன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும். இனிமே நீங்க நம்ம ஆளு. இந்தா பாருங்க, டிக்குப் போட்டாச்சு.”

வீரபத்திரன் மசைக் கையோடு பட்டியலை வாங்கிப் பார்த்தார். தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“ஏலே வினோத்து, ரப்பர் வச்சிருக்கியா?”

“இருக்கு பெரியப்பா. எதுக்கு?”

“அழி. அழிச்சிட்டு வட்டமாப் போடு.”

அவன் போட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். மூன்றாவது சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பரமக்குடி வரைக்கும் நின்றுகொண்டே போனார்.