பொள்ளாச்சிக்குப் புறப்பட்ட ஒரு டாலர்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ச் மாதம். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஆலனில் நடந்தது இது. அப்போதும் நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம், இப்போதும் அங்கேதான். கணவருக்கு ஐ.டி. வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. பொள்ளாச்சியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். இங்கே வந்தபின் மகளைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதுமே உத்தியோகம் என்று ஆகிவிட்டது.

அந்த உத்தியோகத்திலும் பாதியை இன்னொருத்தி பங்கு போட்டுக்கொண்டாள். மகளின் வகுப்புத் தோழியுடைய அம்மா. யூதப் பெண், என் வயதுக்காரி. காலையில் இரண்டு பிள்ளைகளையும் அவள் கொண்டுபோய் விடுவாள், மாலையில் நான் கூட்டி வருவேன். அப்படித் தொடங்கிய பழக்கம் காப்பி, ஊர்க்கதை, அவள் வீட்டு எலுமிச்சை கேக், என் வீட்டு முறுக்கு என்று வளர்ந்தது. அவர்கள் சமையலறை ஜன்னலோரம் ஒரு தகர உண்டியல் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் அதில் காசு போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவர்கள் கோயிலைச் சேர்ந்த சிலரும் டிரில்லும் ஏணியுமாகக் கிளம்பிப் போய், தனியாக வசிக்கும் வயதானவர்களின் வீடுகளில் உடைந்த படி, ஆடுகிற கம்பி, எரியாத விளக்கு எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பார்கள். லீவு நாளில் காலை நீட்டிப் படுக்காமல் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று நான் நினைத்ததுண்டு.

அந்த மார்ச்சில் ஊரில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். அதற்குப் பிறகு மூச்சுத் திணறல், ஐ.சி.யூ. என்று ஒவ்வொரு போனிலும் அண்ணன் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

எங்கள் விசா நீட்டிப்பு மனு அப்போது நிலுவையில் இருந்தது. அந்த நிலையில் நான் நாட்டை விட்டு வெளியே போனால் என் மனு செல்லாது. இந்தியாவில் தூதரகத்தில் முத்திரை வாங்கினால்தான் திரும்பி வர முடியும், அதற்கு எப்போது தேதி கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எட்டு வயது மகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கே மாட்டிக்கொள்ள நேரலாம். கணவர் இதையெல்லாம் பக்குவமாகத்தான் சொன்னார். நான் கேட்கிற மனநிலையில் இல்லை. "எங்கம்மா கண்ணைத் திறந்து பாக்கறப்ப நான் அங்க நிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் போட்டேன்.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கணவர் போகவேண்டும் என்பதால், அந்தத் தோழிதான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்தாள். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு டாலர் நோட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஊருக்குப் போய் இதைத் தேவைப்படற யாருக்காவது குடு" என்றாள் ஆங்கிலத்தில். யாராவது பயணம் கிளம்பினால் அவர்கள் இப்படித்தான் கையில் காசு கொடுத்து அனுப்புவார்களாம். நல்ல காரியத்துக்குத் தூது போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேருவார் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். அந்த நினைப்பில் கைக்குட்டை முனையில் டாலரை முடிந்துகொண்டு, "எங்க ஊர் அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். கூடாதாம். ஒரு மனிதருடைய கைக்குத்தான் போகவேண்டுமாம். அவர்கள் மொழியில் இதற்கு இருக்கும் சொல் தானம் என்பதைவிட நியாயம் என்பதற்குத்தான் பக்கத்தில் வருமாம். இல்லாதவருக்குச் சேரவேண்டியதை அவரிடம் சேர்ப்பது, அவ்வளவுதான் என்றாள்.

விமான நிலையத்துக்குப் போகும் சுங்கச் சாலையில், டோல்வேயில், பாதி தூரம் போயிருப்போம். அண்ணன் போன் வந்தது.

"அம்மா நம்மள உட்டுட்டுப் போயிருச்சு, கண்ணு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ ஒரு பர்னிச்சர் கடையின் பார்க்கிங்கில் அவள் காரைக் கொண்டுபோய் நிறுத்தியது மட்டும் தெரிந்தது. விடிந்ததும் எடுத்துவிடுவார்கள். நான் எந்த விமானத்தைப் பிடித்தாலும் முகத்தைப் பார்க்க முடியாது.

"நீ வராத" என்றான் அண்ணன். "வந்து இங்க சிக்கிக்கிட்டீன்னா பாப்பா என்ன பண்ணும்? அம்மா இருந்தா அதுவே வேண்டாம்னுதான் சொல்லும்." கணவரும் போனில் அதையேதான் சொன்னார், அழுதுகொண்டே. அவரவர் சொன்னது அத்தனையும் நியாயம். அந்த நியாயத்தை எல்லாம் அள்ளி டோல்வேயில் வீசவேண்டும் போல இருந்தது எனக்கு. பிறகு நானே, "வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் காரைத் திருப்பினாள்.

அம்மாவை எடுத்ததை வீடியோ காலில் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ செல்லைச் சாய்த்துப் பிடித்ததில் பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. மகள் என் மடியில் வந்து உட்கார்ந்து, "அம்மா, ஆர் யூ ஸ்டில் கோயிங்?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, பெற்ற மகள் மீதே கோபம் வந்தது.

தோழி தினமும் வந்தாள். பெரிய பாத்திரத்தில் பருப்பு சூப்பும் ஒரு தட்டு நிறைய அவித்த முட்டையும் கொண்டுவந்தாள். துக்க வீட்டுக்கு உருண்டையான உணவு கொண்டுபோவது அவர்கள் வழக்கமாம். நான் முட்டை தொடமாட்டேன் என்பது அன்றைக்கு அவளுக்கு மறந்துபோயிருந்தது. கணவர் ஒரு வாரம் முட்டையாகவே சாப்பிட்டார். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'என்ன இவள், ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா' என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது அவர்கள் முறை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நான் பேச ஆரம்பித்தேன். அம்மாவின் ரசத்தைப் பற்றி, அவள் என்னைத் திட்டும் அழகைப் பற்றி, நிறுத்தாமல் பேசினேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் கைக்குட்டையை அவிழ்த்து டாலரை அவளிடம் நீட்டினேன். "நான்தான் போகலையே. நீயே வெச்சுக்கோ."

அவள் வாங்கவில்லை. "ஒரு தடவை குடுக்கறதுக்குன்னு எடுத்து வெச்சாச்சுன்னா அது என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"நீ இன்னும் பாக்காத ஒருத்தரோடது" என்றாள். சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் பிடிக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள்.

போனேன். பக்கத்து ஊரான பிளானோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, தனியாக வாழும் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. என்ன வேலை என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள்: குளியலறையில் பிடித்து நடக்கச் சுவரில் கைப்பிடி பொருத்தவேண்டும். நான் டார்ச்சைப் பிடித்தேன். சுவரில் டிரில் இறங்க இறங்க வெள்ளைத் தூள் என் கையில் கொட்டியது. பொள்ளாச்சி வீட்டுக் குளியலறைச் சுவர் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதில் துண்டு போட ஒரு ஆணி உண்டு, வேறு எதுவும் கிடையாது. தோழி அடுத்த துளைக்கு நகர்ந்தாள், நான் டார்ச்சை அங்கே திருப்பினேன். முடிந்ததும் அந்த அம்மாளுக்கே டாலரைக் கொடுத்துவிடலாம் என்று பையைத் திறந்தேன். அதற்குள் அவர் எங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு பிஸ்கட் டப்பாவைத் திணித்து, வாசல்வரை வந்து கையாட்டி அனுப்பிவிட்டார். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்றே குழப்பமாகிவிட்டது எனக்கு.

அதற்குப் பிறகு அந்த ஒரு டாலரைக் கொடுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பத்தடிக்குள் முடிகிற காரியம். எங்கள் பகுதியில் நடக்கிறவரே கிடையாது, எல்லோரும் காருக்குள். ஒருமுறை பாலத்தடி சிக்னலில் உதவி கேட்டு எழுதிய அட்டையைப் பிடித்து நின்ற ஒருவரைப் பார்த்து அவசரமாகக் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தேன். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தி என்னை விரட்டிவிட்டார்கள்.

பிறகுதான் அந்தப் பெரியவரைக் கவனித்தேன். பிளானோவில் நான் சாமான் வாங்கும் இந்தியக் கடை வாசலில் ஒரு பெஞ்ச். எப்போது போனாலும் அதில் உட்கார்ந்திருப்பார். கசங்கிய ஸ்வெட்டர், தேய்ந்த செருப்பு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. வசதியில்லாதவர் என்று நானே முடிவுகட்டி, பக்கத்தில் போய்த் தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"அம்மிணி, என்ற பையன் இங்க பெரிய கம்பெனில டைரக்டருங்க. ஊர்ல எனக்குத் தோப்பே கெடக்குது."

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு, கேட்காத கதையை எல்லாம் அங்கேயே கொட்டினேன். அவருக்கு உடுமலைப்பேட்டை. மகன் ஆபீஸ் போகும்போது கடை வாசலில் இறக்கிவிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து கூட்டிப் போவானாம். "வீட்ல செவுத்தப் பாத்துட்டு ஒக்காரறதுக்கு இங்க நாலு மனுசரப் பாக்கலாம்ல" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதில் எனக்குப் பாதி ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை ஏற்றிக்கொண்டு நூலகத்துக்கோ கோயிலுக்கோ கொண்டுபோய் விட்டேன். அவரைப் போல ஊரிலிருந்து வந்து பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் அப்பா அம்மாக்கள் இன்னும் சிலரும் சேர்ந்துகொள்ள, என் காரில் பின் சீட்டு பெரும்பாலும் நிறைந்தே இருந்தது.

மே மாதம் அவர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்பு அவரே கேட்டார்: "அந்த நோட்டு இன்னும் உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். கையை நீட்டினார். அம்மா இருந்த ஆஸ்பத்திரி பொள்ளாச்சியில் எங்கே என்று விசாரித்துக்கொண்டார்.

பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காரில் காத்திருந்த ஒரு பிற்பகலில் அவர் அழைத்தார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். தூக்கம் வரவில்லை, அதுதான் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன் என்றார். டாலரை அங்கே யாரிடம் நீட்டுவது என்று, அதற்கு ஈடான ரூபாயோடு தன் காசையும் கூடப் போட்டுக் கொடுத்தாராம். நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம், அடுத்த முறை வரும்போது டெக்சாஸில் யாருக்காவது கொடுக்க.

"ஆஸ்பத்திரி வாசப்படில ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துச்சு, அம்மிணி. அவங்கம்மாவ உள்ள சேத்திருக்குது. அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. டீ வாங்கிக் குடுத்து, செலவுக்கு வெச்சுக்கன்னு காசையும் குடுத்தேன்."

"யாரு குடுத்ததுன்னு கேட்டாங்களா?"

"கேக்காம இருக்குமா? தன்னோட அம்மாவப் பாக்க வர முடியாத ஒரு பொண்ணு குடுத்துவிட்டுதுன்னு சொன்னேன். அந்தப் புள்ள காசை வாங்கிக்கிட்டு எந்திரிச்சு உள்ள போயிருச்சு."

எனக்கு முன்னால் நின்ற கார்கள் நகர்ந்து வெகுதூரம் போய்விட்டன. அன்று யாரும் ஹாரன் அடித்த மாதிரி நினைவில்லை. அடித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதது பார்க்காததுதான், அந்த ஏக்கத்துக்கு இன்றுவரை எனக்கு மருந்து கிடைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது டிரில் என் கையில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய அம்மாவின் குளியலறைச் சுவரில் கைப்பிடியை முடுக்கி, என் முழு எடையையும் போட்டுத் தொங்கி அது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கும் அந்த ஒரு நிமிடம், என் ஏக்கத்துக்கும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.