பிளசருக்கு வந்த டீசல் இன்ஜின்

எங்கள் வீட்டில் ஒரு அமெரிக்கக் கார் இருந்தது. கள்ளக்குறிச்சியில் அதை யாரும் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளசர் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் வாங்கியது. அவரிடமிருந்து என் மாமனாருக்கு வந்து, மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு ஓட்டினார். கருப்பு வண்டி, நீளமோ நீளம். மேலே துணிக்கூரை. அதை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவரை ஊரே பார்க்கலாம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த வண்டி வீட்டில் நின்ற நாளே கிடையாது. கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் குத்தகை எடுத்தவர்கள் கச்சிராயபாளையம் வரைக்கும் அதில் போய், அங்கிருந்து நடந்து மலையேறுவார்கள். மலைமேல் ரோடு போட்டதும் அவர்கள் ஜீப் வாங்கிக்கொண்டார்கள். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் புதிதாக வந்த சின்னக் கார்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்குப் பெட்ரோல் கம்மி, எங்களுடையது குடம் குடமாகக் குடிக்கும். கடைசியில் எங்களுக்கென்று மிஞ்சியது மாப்பிள்ளை அழைப்பு ஒன்றுதான். சின்னக் காருக்கு இரும்புக் கூரை. உள்ளே உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் முகவாய்கூட வெளியே தெரியாது. அதனால் கல்யாணம் என்றால் பிளசர் வேண்டும் என்று வருவார்கள். அதுவும் வரவரக் குறைந்துகொண்டே போனது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு லாரி முதலாளி, டிரைவராக வரச்சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வடக்கே லோடு போகிற லாரி. போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவிலேயே ஒருத்தி புருஷன் அப்படிப் போய், அவள் குழந்தை நடக்கக் கற்றபின் வந்து, இது யார் குழந்தை என்று கேட்டதாகச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. கடைக்குப் போய் உப்பு கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது. ஐந்தாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடக் கையைத் தூக்கியவள் இல்லை. அவர் போய்விட்டால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் யாரிடம் என்ன பேசுவேன் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். வண்டிக்குக் கிராக்கி இருக்கிற வரைக்கும் அவர் இருப்பார். இல்லாவிட்டால் லாரி. இது இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொள்ள மாட்டோம்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது, பெட்ரோலைவிட டீசல் மலிவு. உளுந்தூர்பேட்டையில் ஒரு பட்டறையில் பழைய லாரியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்று கிடந்தது. அதை எங்கள் பிளசருக்குள் இறக்கிவிட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்த அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த நீளமான ரோட்டில் லாரிகளையெல்லாம் தாண்டிக்கொண்டு வந்தாராம். முன்பெல்லாம் வண்டி வாசலில் வந்து நிற்பதே தெரியாது, ஆரன் அடித்தால்தான் தெரியும். இப்போது அவர் இன்ஜினைப் போட்டால் அடுப்படியில் தட்டும் டம்ளரும் கிடுகிடுவென்று ஆடின.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதே," என்றேன்.

"சத்தம் கெடக்குது மே. வண்டி பொழைச்சிக்கிச்சி, அத்த பாரு," என்றார்.

அந்த வாரமே எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். நிறைய நிலம் உள்ளவர். அவருடைய மூத்த பிள்ளைகள் எல்லாருக்கும் மாப்பிள்ளை அழைப்பு எங்கள் பிளசரில்தான் நடந்தது. இப்போது கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம், பெண் வீடு கள்ளக்குறிச்சியில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பிள்ளை மெட்ராசில் வேலை பார்த்தவன். அப்பாவிடம், அந்தக் கிழட்டு வண்டி வேண்டாம், புது வண்டி பேசுங்கள் என்று ஒரே பிடிவாதமாம். பெரியவர் மசியவில்லை.

"அவன் பேச்ச தள்ளிட்டுத்தான் உங்கிட்ட வந்துகீறேன். ஊரே பாக்கப்போவுது. மானத்த வாங்கிடாதப்பா," என்றார்.

என் வீட்டுக்காரர், பழைய பிளசர் மாதிரி இல்லைங்க, இப்போது சிங்கம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். இன்ஜின் மாற்றியதைச் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். இந்த வீட்டுக் கல்யாணத்தில் வண்டி எடுபட்டால் சுற்றுப்பட்டு எல்லாரும் வருவார்கள், எடுபடாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வண்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினார்.

சீர்த்தட்டு தூக்கப் பெண்கள் போதவில்லை என்று பெண் வீட்டிலிருந்து எங்கள் தெருவிலும் வந்து கூப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள், வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு. மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னாலேயே தட்டுகள் போகவேண்டும், நடுவே ஆள் புகக்கூடாது, இடைவெளி விழக்கூடாது. அதுதான் முறை.

பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேளம், பிறகு பெட்ரோமாக்ஸ், பிறகு பிளசர். கூரையை மடித்துவிட்டு மாப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் இன்ஜினைப் போட்டார். பின்னால் இருந்த குழாயிலிருந்து புஸ்ஸென்று கருப்பாக ஒரு புகை எங்கள் முகத்தில் வந்து அடித்தது.

ரோட்டில் பறக்கும்போது அந்தப் புகை பின்னால் போய்விடும். மாப்பிள்ளை அழைப்பில் வண்டி பறக்குமா? நாயனக்காரர் நடக்கிற நடைக்கு நகர வேண்டும், அவர் முச்சந்தியில் நின்று வாசித்தால் வண்டியும் நிற்கவேண்டும். உளுந்தூர்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்த மனுஷர், தெருவில் ஒரு தடவை மெதுவாக உருட்டிப் பார்க்கவில்லை. வண்டி நின்று உறுமிற்று. நகர்ந்தால் எகிறிக் குதித்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை குலுங்கிக் குலுங்கிக் கண்ணுக்கு இறங்கியது. அவன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டான்.

என் பக்கத்தில் வந்தவள் இருமிக்கொண்டே, "இன்னாடி இது, கல்யாணத்துக்கு வந்தமா, செங்கச் சூளைக்கு வந்தமா?" என்றாள்.

"ஓட்டுறவன ஒரு நாளு எங்கூட பின்னால நடக்க வுடணும்," என்றாள் இன்னொருத்தி. "அவன் பொண்டாட்டி மூஞ்சில ஊதனா தெரியும்."

அந்தப் பொண்டாட்டி நடுவில் நடந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பெண்கள் புகைக்குப் பயந்து பின்தங்கப் பின்தங்க, வண்டிக்கும் தட்டுக்கும் நடுவே தெரு வெறிச்சென்று கிடந்தது. மாப்பிள்ளையின் அத்தை, சீர் பின்னால் வரவில்லை, இது நல்லதற்கா என்று ஆரம்பித்துவிட்டாள்.

முதல் முச்சந்தியில் நாயனக்காரர் வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவில் அடிப்பது அவர் காதில் விழவில்லை. திரும்பி வண்டியைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணு நான் வாசிக்கணும், இல்ல அது வாசிக்கணும். ரெண்டும் ஒரே கச்சேரில முடியாதுங்க."

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். "நான் அப்பவே சொன்னேன். எறங்கி நடந்தே வரேன்," என்று கதவில் கை வைத்தான்.

சிரிப்பு அப்படியே நின்றது. நடுத்தெருவில் மாப்பிள்ளை இறங்கினால் அந்தப் பேச்சு அவன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் போகும். பெரியவர் ஓடிவந்து கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பா வெளியே, பிள்ளை உள்ளே, இரண்டு பேரும் ஒரு கதவைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்தக் கதவு திறந்துவிட்டால் எங்கள் வீட்டில் நாளைக்கே லாரிதான் என்று எனக்குத் தெரிந்தது. தட்டிலிருந்து பழம் நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் திரும்பி யாரையும் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

திடீரென்று தெருவே ஓய்ந்துபோனது. பெட்ரோமாக்சின் இரைச்சல் கேட்டது. பெரியவர் கதவை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் வந்தார். பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வண்டிமேல் வைத்துத் தள்ளினார். அசையவில்லை. யாரோ ஒரு பங்காளி வந்து தோள் கொடுத்தார், பிறகு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எல்லாரும் வந்தார்கள். அந்தக் கருப்பு வண்டி மெல்ல நகர்ந்தது. மாப்பிள்ளை நின்றபடி சுற்றிலும் பார்த்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான். நாயனம் திரும்ப ஆரம்பித்தது. நாங்களும் தட்டோடு ஓடிப் பின்னால் சேர்ந்துகொண்டோம்.

பெண் வீட்டுத் தெரு ஏரிக்கரையிலிருந்து சரிவாக இறங்கும். அங்கே வந்ததும் தள்ளுகிறவர்கள் கையை எடுத்துவிட்டார்கள், வண்டி தானாகப் போனது. முன்னால் மேளக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் குழந்தைகள். என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து பாதி எழுந்து பிரேக்மேல் ஏறி நிற்பது பின்னாலிருந்து தெரிந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அவ்வளவு பெரிய வண்டி நாயனக்காரர் நடக்கிற நடைக்கு, ஒரு குலுக்கல் இல்லாமல், தண்ணீரில் போகிற மாதிரி இறங்கிப் போய்ப் பந்தல் வாசலில் நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். பெரியவர் வந்து அவர் தோளைத் தட்டினார். அவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றார். "மாட்டு வண்டிக்கின்னா மாடாவது இழுக்குது. எனக்கு மனுசன் தள்ளறான். இத்த ஓட்டறதுக்கு டிரைவர் எதுக்கு?" என்றார். மறுநாள் உளுந்தூர்பேட்டைக்குப் போய், பழைய இரும்புக்கு வண்டி எடுக்கிறவனிடம் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். லாரி முதலாளிக்கும் சரி என்று ஆள் அனுப்பினார். நான் அவருடைய இரண்டு சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். அதைத் தவிர எனக்கு என்ன செய்யத் தெரியும்?

இரும்புக்காரன் வருவதற்கு முன்னால் திருநாவலூரிலிருந்து ஒருவர் வந்தார். மகனுக்குக் கல்யாணமாம். அன்றைக்கு ஊர்வலத்தில் அவரும் இருந்தாராம். வாசலில் நின்று, மாப்பிள்ளை சாமி மாதிரி வந்தார் என்று புகழ்ந்தார்.

"எங்களுக்கும் அதே மாரி வேணுங்க. இன்ஜின் போடாத, சத்தமில்லாம. தள்றதுக்கு ஆளு எங்க பங்காளிங்களே கீறாங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோதுப்படாதுபோல என்று துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அந்நிய ஆம்பளையிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"வண்டி வருங்க," என்றேன். "அவுரே ஓட்டிகினு வருவாரு. அன்னிக்கி அந்த எறக்கத்துல நிறுத்துனா மாரி வேற யாராலயும் ஆவாது."

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அவரோ திருநாவலூர்க்காரர் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"உங்க தெருவுல மேடு கீடு எதனா இருக்குதா?"