வசந்தாவும் நானும் முடிக்காத நிரூபணம்

செவ்வாய்க்கிழமை காலை பெஹாலா வீட்டிலிருந்து வசந்தாவின் கணவர் சேகர் போனில் கூப்பிட்டார். "வசந்தா போயிட்டா," என்றார்.

நம் ஆராய்ச்சி நிலையத்தில் அவளோடு வேலை செய்த உங்களுக்கு அவளுடைய கேள்வி தெரியும். இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மற்றவர் உண்மையாக உழைத்தாரா என்பது தெரியாது. ஆளுக்கொரு மங்கலான அறிகுறிதான் கிடைக்கும். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. அப்படியும் ஒத்துழைப்பு நிலைக்குமா? தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் நான்கு வருஷம் இதோடு மல்லுக்கட்டினோம். "ஒரு கெட்ட அறிகுறிக்கே கையை விட்டுட்டா எதுவும் நிக்காதுடி. எல்லாத்தையும் பொறுத்துண்டாலும் நிக்காது," என்பாள். கண்டதைச் சொல்லிக்கொள்ள வழியிருந்தால் நிலைக்கும் என்று நிரூபித்துவிட்டோம். பேச வழியில்லாத இடத்தில் நிரூபணம் நின்றுபோனது.

நான்காம் வருஷ மழைக்காலத்தில் அவள் பதினைந்து நாள் வரவில்லை. தகவலும் இல்லை. டெல்லியில் ஒரு குழு அவளை அழைத்திருந்தது எனக்குத் தெரியும். அவர்களோடு போய்விட்டாள் என்று நானே முடிவுகட்டினேன். பஸ் ஏறி பெஹாலாவுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை. வேறொருவருடன் சேர்ந்து கட்டுரையை ஒப்பேற்றி அனுப்பினேன். எழுதியவர்கள் வரிசையில் அவள் பெயர் கடைசியில் இருந்தது. திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. பிறகு இத்தனை வருஷமும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைப்போடு சரி.

போன மாதம் அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"அந்த மழைக்காலத்துல அப்பா ஹவுரா ஸ்டேஷன்ல மயங்கி விழுந்துட்டார். ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணு நாள் உனக்கு போன் பண்ணினேன். மணி அடிச்சுண்டே இருந்தது. நீ எடுக்கல."

"நான் இருந்த டாக்குரியா முழுக்கத் தண்ணி, வசந்தா. லைன் செத்துக் கிடந்தது. எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு மணி கேட்டுதே."

"கூப்பிடறவாளுக்குக் கேக்கும். இந்தப் பக்கம் ஒண்ணும் வராது."

"நீ என்னை வேண்டாம்னு வெச்சுட்டேன்னு நெனச்சேன்," என்றாள்.

மறுபடி சேர்ந்து உட்காரலாம் என்றேன். சரி என்றாள். அடுத்த வாரம் பழைய நோட்டுடன் போனபோது அவளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நான் வாசித்தேன், பாதியிலேயே தூங்கிவிட்டாள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பக்கங்களைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லி வந்தால் வசந்தா ஒன்றுதான் கேட்பாள்: "அவன் என்ன பார்த்தான்னு அவன்கிட்டயே கேட்டியா?" அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி. எங்கள் இருவருக்கு மட்டும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.