மஞ்சள் காமாலை வந்த கார்

போன வாரம் என் கார் ஃபெயில் ஆகிவிட்டது!

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் பரீட்சையில்தான். பதினைந்து வருஷம் முடிந்த வண்டி. பிரேக், டயர், ஹாரன்... எல்லாவற்றிலும் பாஸ். கடைசியில் வாகன ஆய்வாளர் முன்பக்கம் வந்தார். ஹெட்லைட்டின் மங்கிய மூடியைக் குனிந்து பார்த்தார்.

"என்னுங்க சார், வண்டிக்கு மஞ்சக் காமாலையா? லைட்ட மாத்திட்டு திங்கக்கிழம வாங்க."

மாற்றலாம். எங்கே கிடைக்கும்? "அந்த மாடலே நின்னு போச்சுங்களே" என்று கையை விரித்துவிட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். பழைய இரும்புக் கடைக்காரர் மட்டும் இரண்டு தடவை போன் செய்து அன்பாக விசாரித்தார். அவருக்கு யார் சொன்னார்களோ!

எனக்கென்ன, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். கார் என் மனைவி மல்லிகாவுக்குத்தான். வத்தல்மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பனிமூட்டத்தில் லைட் போட்டுக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் கற்றுக்கொண்டு, 'கொண்டை ஊசி வளைவுல பொம்பள ஓட்டுவாளா?' என்று கேட்ட சொந்தக்காரர்களின் வாயை அடைத்தது இந்தக் காரில்தான்.

"இத எடைக்குப் போட்டா மறுபடியும் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கணுமுங்க. நான் வுட மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

"கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயால் கெடுவது தவளை மட்டுமா என்ன?

சனிக்கிழமை காலை தீவிரமாக யோசித்தேன். குத்துவிளக்கு கறுத்தால் என்ன செய்கிறோம்? புளி போட்டுத் தேய்க்கிறோம். ஹெட்லைட்டும் விளக்குதானே! எங்கள் தர்மபுரியில் புளிக்கா பஞ்சம்? சமையலறையிலிருந்து பெரிய உருண்டையாக எடுத்து வந்து, அரை மணி நேரம் தேய் தேய் என்று தேய்த்தேன்.

பித்தளைக்குப் பிடித்த புளி பிளாஸ்டிக்குக்குப் பிடிக்கவில்லை. எறும்புகளுக்குப் பிடித்துவிட்டது. பம்பர் ஓரமாக வரிசை கட்டி வந்தன.

மல்லிகா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, லைட்டத் தேய்க்கறீங்களா, ரசம் வெக்கறீங்களா?"

எதிர்வீட்டு முனியப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். "அண்ணா, இது அழுக்கு இல்லீங்க. வெயில்ல மேல்தோலே கெட்டுப் போயிருக்குது. அத உரிச்சாத்தான் ஆவும்" என்றவர், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் நாலு ரகம் கொண்டுவந்து கொடுத்தார். சொரசொரப்பானதில் ஆரம்பித்து நைஸானதில் முடிக்க வேண்டுமாம்.

லைட்டைச் சுற்றி டேப் ஒட்டினேன். மல்லிகா தண்ணீர் ஊற்ற, நான் தேய்த்தேன். மஞ்சள் மஞ்சளாக வழிந்தது. ஆஹா! கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக வழிந்தது. பெருமையோடு துணியால் துடைத்துப் பார்த்தால்...

சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை! உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

"போச்சு! இருந்த கண்ணையும் குருடாக்கிப்புட்டீங்களே!" மல்லிகா படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பேப்பரைக் கீழே போட்டுவிட்டேன்.

"நிறுத்தாதீங்கண்ணா!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல். "வெள்ளத் தண்ணி வந்தா தோலு உரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அடுத்த பேப்பர எடுங்க!"

மல்லிகா எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். "நகருங்க" என்றாள். இரண்டாவது பேப்பர், மூன்றாவது பேப்பர்... நான் இப்போது தண்ணீர் ஊற்றும் உதவியாளன். நான்காவது முடிந்ததும் பனியன் துணியில் முனியப்பன் கொடுத்த பாலிஷைத் தொட்டுத் தேய்த்தாள். ஒரு தேய்ப்பு... இரண்டு தேய்ப்பு...

"ஏங்க! பல்பு தெரியுதுங்க!"

அந்தக் கூச்சலில் தெருவே வெளியே வந்தது. பல்புக்குப் பின்னால் கண்ணாடி மாதிரிப் பளபளத்த குழிவில் எங்கள் இரண்டு பேர் முகமும் தலைகீழாகத் தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை. சாயங்காலத்துக்குள் இன்னொரு லைட்டும் முடிந்தது. மறுபடியும் வெயில் தின்றுவிடாமல் இருக்க, முனியப்பன் மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சை அடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை. அதே ஆய்வாளர். லைட்டைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார்.

"புது லைட்டு எங்க சார் கெடச்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். "பழசேதானுங்க சார். நான் தேய்ச்சேன்!"

'நாங்கள்' இல்லை, கவனியுங்கள்... 'நான்'! சொல்லட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது. வண்டி பாஸ். இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. மறுநாள் காலை மலை உச்சியிலிருந்து போன் செய்தாள். "பனியில ரோட்டோரக் கல்லு ஒவ்வொண்ணும் தெரியுதுங்க!" அந்தக் குரலுக்காக இன்னும் நாலு காரைத் தேய்க்கலாம்.

மங்கிப் போனாலே மாற்று என்கிறது உலகம். அப்படி மாற்றுகிறவற்றில் பாதிக்கு மேல் உள்ளே நன்றாகத்தான் இருக்கின்றன... கெட்டுப்போனது மேல்தோல் மட்டும்தான்.

அந்தத் தெம்பில் மல்லிகாவிடம் கேட்டேன், "எனக்கு எஃப்.சி. எடுத்தால் நான் தேறுவேனா?"

"மொதல்ல தேய்ச்சுப் பாக்கலாமுங்க" என்றாள்.