ஹாஜியாரின் தருமச் சுவர்

தன் முகமுள்ள இடத்தில் இரண்டு துடைப்பு, வாங்கினவர் முகத்தில் ஒன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் முத்தலிப் ஹாஜியார் விறாந்தையிலுள்ள படங்களைத் துடைப்பது இந்தக் கணக்கில்தான்.

சாய்ந்தமருதில் அவர் நடத்தும் தரும நிதியால் ஊருக்குக் கிடைத்த சுகமெல்லாம் அந்தச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. காய்ச்சல்காரருக்குக் கொயினா மாத்திரை கொடுத்த படம் ஒன்று. படக்காரர் பளீல் வரப் பத்து நாள் சென்றதால், காய்ச்சல்காரர் தானாகக் குணமாகிக் கடலுக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஹாஜியாரின் வண்டிக்காரன் பாயில் கிடந்து முனகினான். நன்றாகவே முனகினான்.

சென்ற திங்கட்கிழமை, மருத்துவிச்சிப் பயிற்சிக்குத் தெரிவான றபீக்காவின் முறை. விடுதிக் கட்டணத்தோடு பன்னிரண்டு மணிக்குள் மட்டக்களப்பில் நிற்காவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. ஒன்பதரை பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. குமர்ப்பெண்ணைப் படம் பிடிப்பது முறையல்ல என்பதால், பண உறையை வாங்கத் தாய் ஆயிஷா உம்மா வந்தார். பெரிய மனிதர் வாசலாயிற்றே என்று பட்டுச் சீலை இரவல் வாங்கி உடுத்தியிருந்தார்.

ஹாஜியாரின் முகம் சுருங்கிற்று. "என்னகா, கலியாண ஊட்டுக்கா வந்தீங்க? இந்தச் சீலையோட எடுத்தா யாரு நம்புவான்? கிழிஞ்சது ஒண்டும் இல்லையா?"

"இரிக்கி ஹாஜியார். அத உடுத்து இஞ்ச வாறது மரியாத இல்லையே."

"மரியாதய நான் பாத்துக்கிறன். போய் மாத்திட்டு வாங்க."

கிழிசலோடு அவர் ஓடி வந்தபோது ஒன்பது இருபத்தைந்து. பளீல் கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். உறையின் ஒரு முனை ஹாஜியாரிடம், மறுமுனை ஆயிஷா உம்மாவிடம்.

"அசையாதீங்க" என்றது துணி. பிறகு வெகுநேரம் எதையோ திருகிற்று.

சந்தியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"விடுங்க ஹாஜியார், வசு வந்திட்டு."

"பொறுங்ககா, படம் இன்னம் விழல்ல."

"புள்ளட இடம் போகுது."

"அது எங்க போற? ஒரு நிமிசம்தானே."

ஆயிஷா உம்மா இழுத்த இழுப்பில் உறை வந்துவிட்டது. வேலியோரம் பெட்டியோடு நின்ற மகளின் கையில் அதைத் திணித்து, அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். நகரத் தொடங்கிய பஸ் நின்று றபீக்காவை ஏற்றிக்கொண்டது வாசலிலிருந்தே தெரிந்தது.

துணிக்குள்ளிருந்து பளீலின் குரல் வந்தது: "இப்ப எல்லாம் சரி. வாங்கிற ஆளத்தான் காணல்ல. எடுக்கிறதா ஹாஜியார்?"

நீட்டிய வெறுங்கையை நீட்டியபடியே, ஹாஜியார் புன்னகையை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்.