அவசரம் லேது

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கேலிப்பர் தொங்குகிறது. போலியோ வந்த காலுக்குப் போடும் இரும்பு. ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவு. இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி, தோல் வார், முழங்கால் வருமிடத்தில் ஒரு கீல். போன வாரம் பழைய இரும்பு எடுக்கிறவன் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, சும்மாதானே தொங்கிக்கினு கீது, போட்டுடு" என்றான். "அத்தத் தொட்டுப் பாரு, தெரியும் சேதி" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான். எனக்கு அந்த இரும்பைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

நகரியில் நெசவுக்காரர் வீட்டுப் பெண் நான். ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்த காலம். சித்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் போட்ட கேலிப்பர் மடங்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் தடுக்கி விழுந்து என்னையே திட்டுவான். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. திருப்பதிக்குப் புதிதாக வந்திருந்த எஞ்சினியரிங் வாத்தியார் ஒருவரைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் திருநெல்வேலிக்காரர், தெலுங்கு சுத்தமாக வராது. நான் அவரை எஞ்சினியர் சார் என்பேன். "எலும்பு எனக்குத் தெரியும், இரும்பு அவருக்குத் தெரியும். நடுவுல உன் கால் மாட்டிக்கிச்சு" என்று டாக்டரம்மா சிரிப்பார். இருவரும் சேர்ந்து செய்ததுதான் இந்தக் கீல். நின்றால் பூட்டிக்கொள்ளும், கொக்கியை நீக்கினால் மடங்கும். முதல்முறை பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தபோது, எழுந்திருக்கவே மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தேன்.

ஆனால் பிள்ளை வளருமே! கூடவே நீளுகிற கேலிப்பரைச் செய்ய வேண்டும், அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. பட்டறைக்கும் உலோகத்துக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும். திருப்பதியில் ஆராய்ச்சிகளுக்கு நன்கொடை ஒதுக்கும் கமிட்டி ஒன்று கூடியது. பணம் போடுகிறவர் கடலோர ஜில்லாவிலிருந்து வந்த புகையிலை வியாபாரி. நல்ல மனுஷன், தெலுங்கு தவிர ஒன்றும் தெரியாது. அன்றைக்கென்று எல்லைத் தகராறில் மறியல் செய்தார்கள். டாக்டரம்மா ஏறிய பஸ் சித்தூரைத் தாண்டவில்லை. எங்கள் நைனாவை, அதாவது அப்பாவை, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எஞ்சினியர் சார் என்னை மட்டும் உள்ளே கூட்டிப் போனார்.

அவர் இங்கிலீஷில் விளக்கினார், வியாபாரிக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் நடந்தேன், உட்கார்ந்தேன், மடக்கிக் காட்டினேன். வியாபாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்டது ஒரே கேள்விதான். "இதி அவசரமா?"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இது தேவையா என்று அவர் கேட்கிறார். எஞ்சினியர் சார் காதில் நம்முடைய அவசரம்தான் விழுந்தது. ஒரு தெலுங்கு வார்த்தையாவது புரிந்ததே என்று முகம் மலர்ந்து, பணம் தருகிறவரை விரட்டக்கூடாது என்ற மரியாதையோடு, தனக்குத் தெரிந்த ஒரே தெலுங்கையும் சேர்த்து, "அவசரம் லேது, அவசரம் லேது" என்றார். தேவையில்லை, தேவையே இல்லை!

எனக்கு இரண்டு மொழியும் வீட்டிலேயே உண்டு. "காவாலி! காவாலி!" என்று கத்தினேன். வேண்டும் என்பதற்குத் தெலுங்கு அது. தமிழில் காவாலி என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். பணம் கொடுக்க வந்தவரை நான் பொறுக்கி என்கிறேன் என்று பதறிப்போய் எஞ்சினியர் சார் என் வாயைப் பொத்தினார். "ஏட்டி, பெரியவங்கள அப்படியா பேசுவ?" வியாபாரியோ நான் அந்த இரும்பைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "பாபம், பாபகே இச்சேயண்டி" என்றார். பாவம், குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள். இப்படித்தான் இது எனக்குச் சொந்தமாயிற்று.

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் சித்தூர்க்காரர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் அதில் உண்டு. நடந்த கூத்து அவர்களுக்குப் புரிந்தது. ஒருவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். எல்லைச் சண்டை நடக்கிற நேரத்தில் தமிழ் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள ஒருவருக்கும் மனமில்லை. "ஐயா, அவர் சொன்னது வேறு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாக்கு அழுகியா போயிருக்கும்? அந்தப் பாவிகளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

எஞ்சினியர் சார் பொத்திய கையை எடுக்காமலே என்னை வெளியே இழுத்து வந்தார். அங்கே நான் சொன்னதைக் கேட்டதும் நைனா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, வேணான்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே!" எஞ்சினியர் சார் திரும்ப உள்ளே ஓடினார். வியாபாரியின் கார் போய்விட்டிருந்தது. தீர்மானமாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மற்றவர்கள் இங்கிலீஷில் சொன்னார்களாம். டாக்டரம்மா அலைந்து பார்த்தார். அதற்குள் எல்லை தீர்ந்தது. திருத்தணி தமிழ்நாட்டோடு போனது, நகரியில் நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். டாக்டரம்மாவுக்கு மதராஸ் பக்கம் மாற்றல் வந்தது. எஞ்சினியர் சாரும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். போவதற்கு முன் நகரிக்கு வந்து, திருகுகளை முறுக்கி, வாரை முடிந்தவரை இறக்கிக் கட்டினார். "ஒரு வருஷம் தாங்கும் தாயி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடியே தாங்கியது. பிறகு என் கால் நீண்டது, இந்த இரும்பு நீளவில்லை. நான் மறுபடியும் மடங்காத கேலிப்பருக்கே போனேன்.

போன மாதம் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே டாக்டர்களும் எஞ்சினியர்களும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். பெரிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்தக் கேலிப்பரையும் பையில் எடுத்துப் போனேன். சின்ன வயது டாக்டர் பெண் ஒருத்தி கீலை மடக்கி மடக்கிப் பார்த்து, யார் செய்தது என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கும் இந்த மாதிரி கீல் வைத்து ஒன்று வேண்டும் என்றேன். அவள் என் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். காலமெல்லாம் நீட்டியே கிடந்த மூட்டு இறுகிவிட்டது, இனி மடங்காது என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிரியமாகத்தான் சொன்னாள்: "இப்புடு மீகு இதி அவசரம் லேதம்மா."

சரியாகத்தான் சொன்னாள். தெலுங்கில் எடுத்துக்கொண்டாலும் சரி, தமிழில் எடுத்துக்கொண்டாலும் சரி. வீட்டுக்கு வந்து கேலிப்பரை அதே ஆணியில் மாட்டினேன்.