டீஜே தம்பி எங்கே?

ஒரு பெண்ணுக்கு விழ வேண்டிய கைதட்டலை எடுத்து, பக்கத்தில் நின்ற பையனுக்குக் கொடுத்தவன் நான். தெரிந்தேதான் செய்தேன்.

போன வருஷம், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்பதால் விழாக் குழுத் தலைவர் பதவி எனக்கு. டீஜே செய்ய என் பழைய மாணவி தர்ஷினி வந்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை பார்த்து, சொந்தமாகக் கருவி வாங்கியவள்.

"பொம்பளப் புள்ள முன்னால நின்னா பேச்சு வரும்மா. ஒன் சித்தப்பா மகன் நிக்கட்டும். நீ பின்னால ஒக்காந்து செய்" என்றேன்.

"அவனுக்கு வயர் மாட்டத்தான் தெரியும், சேர்!"

"அது போதும். சும்மா நிக்கட்டும்."

நின்றான். ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். ஸ்பீக்கர் மறைவில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நம் தப்பு மேளச் சத்தத்தை எலெக்ட்ரானிக் தாளத்தோடு அவள் கலந்தபோது... கூட்டமே எழுந்து ஆடியது. முடிவில் பொன்னாடை போர்த்தினேன். யாருக்கு? அவனுக்கு!

பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் அவனைத்தான் தேடினார்கள். "அக்காதாங்க செய்றது" என்று அவன் உண்மையைச் சொன்னால், "பொண்ணா? வேணாம்ப்பா." காதுக்குப் பெண்ணின் இசை பிடிக்கிறது — கண்ணுக்குத்தான் ஓர் ஆண் தேவைப்படுகிறான். விசித்திரம்தான்!

கருவியை விற்றுவிட்டு அவள் மறுபடி கார்மெண்ட்ஸுக்கே போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். அன்றே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என் பேத்தி கல்யாணத்துக்கு நீதாம்மா செய்யணும். நடந்தத எல்லாம் மைக்குல சொல்லிடுறேன்."

"வர்றேன் சேர். ஆனா என்னப் பத்தி நீங்க ஒண்ணும் பேசாதீங்க. அன்னைக்கும் எனக்காக நீங்கதான் பேசி முடிவு பண்ணுனீங்க."

ஆயுள் முழுக்கப் பேசியே சம்பளம் வாங்கியவன். வாயை மூடுவது லேசா?

போன மாதம், ஹட்டனில் பேத்தி கல்யாணம். தர்ஷினி மண்டபத்தின் முன்னால் நின்றாள். லிந்துலையில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் நேரே அவளிடம் போனார்.

"டீஜே தம்பி எங்கம்மா?"

"தம்பி வரல மாமா, தங்கச்சிதான் வந்திருக்கேன். என்ன பாட்டு வேணும்?"

கொஞ்ச நேரத்தில் மனுஷன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார். பிறகு மூச்சு வாங்க என்னிடம் வந்தார். "மச்சான், நம்ம சின்னவன் கல்யாணத்துக்கும் இந்தப் புள்ளயவே போடலாம் போல. ஆனா தனியா வருமா? கூட ஆம்பள யாரு?"

பதில் நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவள் பக்கம் கையைக் காட்டினேன். போய்க் கேட்டார்.

"கூட நாலு ஸ்பீக்கர் வருது மாமா. எறக்க ஆள் தருவீங்களா?"

சிரித்துவிட்டார். நம்பர் வாங்கினார். இந்த வாரம் அழைத்து நாளையும் உறுதி செய்துவிட்டார். ஒரே ஒரு கல்யாணம்தான்... ஆனால் கருவியை விற்கும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

என்னை மன்னித்தாளா? தெரியாது. அதையும் அவளே சொல்லட்டும்.